கூரைமேல் விழும் வெயில்

சென்ற தவக்காலம் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன் எங்கள் பங்குப்பேரவை கூடியது. நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக இருந்த பொருள், பங்கு இல்லத்தின் மாடியில் சோலார் தகடு அமைப்பது பற்றியது. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நான் எண்ணியிருந்தேன். குருத்துவ வெள்ளிவிழாக் கொண்டாடிய, எங்கள் ஊர்க்காரரான குரு ஒருவர் அதற்கென நன்கொடை தருவதாகச் சொல்லியிருந்தார். விலைப்புள்ளியும் கையில் இருந்தது. கைதூக்கி ஏற்றுக்கொள்வது ஒன்றே மீதி. ஆனால் கூட்டம் முடிந்தபோது இரவு ஒன்பதரை மணி.

அன்பியத்தின் சார்பில் வந்திருந்த ஒரு பெண்மணி, இதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறவாதவர், எழுந்து நின்று கேட்டார்: "சாமி, மாடி உள்ளவங்களுக்கு வெயிலு காசு தருதுன்னு சொல்றாங்க. எங்க வீட்டுக்காரரும் போன வருசம் போட்டாரு. ஆனா எங்களுக்கு யூனிட்டுக்கு அதே எட்டு ரூபாதான். இதுல எங்களுக்கு என்ன இருக்கு?"

'வீட்டுக்காரர்' என்று அவர் குறிப்பிட்டது கணவரை அன்று, வீட்டின் உரிமையாளரை. அந்த உரிமையாளர் அதே பேரவையின் உறுப்பினர். மூன்றாவது வரிசையில் அமர்ந்திருந்தார். (இதனை அவ்விருவரின் இசைவுடனேயே எழுதுகிறேன். எழுதுவதற்கு முன் இருவரிடமும் வாசித்துக் காட்டினேன்.)

அறநெறி இறையியலை நான் குருமடத்தில் நான்கு ஆண்டுகள் படித்தவன். நீதி என்பது ஒவ்வொருவருக்கும் உரியதை அவரவருக்குக் கொடுப்பது என்று மனப்பாடமாகச் சொல்வேன். எனினும் அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. வெயில் யாருக்கு உரியது என்று எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதன் பின்னர் சில வாரங்கள் மின்கட்டண அட்டைகளை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். அறநெறிக் கேள்விகளில் பலவற்றுக்கு விடை கணக்கில்தான் ஒளிந்திருக்கிறது என்பதனால், வாசகர்கள் சற்றுப் பொறுமையோடு அந்தக் கணக்கினுள் என்னோடு வர வேண்டுகிறேன்.

ஒரு கிலோவாட் தகடுக்கு ஏறக்குறைய நூறு சதுர அடி மாடி வேண்டும். நம் பக்கத்து வெயிலில் அது நாளொன்றுக்குச் சராசரி நான்கு யூனிட் தரும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில், வீட்டு மாடிகளில் அமைக்கும் முதல் இரண்டு கிலோவாட்டுக்கு, கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயுமாக, உச்ச அளவில் 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஒரு கோடி வீடுகள் இலக்கு. கோவில் வீடு அன்று என்பதால் எங்களுக்கு அந்த மானியம் இல்லை; அது வேறு கதை.

மூன்று கிலோவாட் அமைக்க நம் உரிமையாளருக்கு ஆன செலவு ஒரு லட்சத்து தொண்ணூறாயிரம். மானியம் போக அவர் கையிலிருந்து போனது ஒரு லட்சத்து பன்னிரண்டாயிரம். மேல்மாடியில் அவர் குடும்பம். கீழே இரண்டு வாடகைக் குடும்பங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே மீட்டர். இரண்டு மாதத்திற்கு எண்ணூறு யூனிட் ஓடும். அதில் உரிமையாளருடையது ஐந்நூற்று இருபது. கேள்வி கேட்ட பெண்மணியுடையது நூற்று முப்பது. அடுத்த குடும்பத்தினுடையது நூற்றைம்பது. 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி எண்ணூறு யூனிட்டுக்கு ஐயாயிரத்துக்குச் சற்றே குறைவான தொகை. வாடகைக் குடும்பங்கள் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வீதம் சேர்ந்து 2,240 ரூபாய் கொடுத்து வந்தன.

எட்டு ரூபாய் என்பது கொள்ளை என்று உடனே சொல்லிவிட எனக்கும் தோன்றியது. உரிமையாளர் மறுத்தார். "சாமி, ஒரே மீட்டருல ஓடுறதால மேல்படிக்குப் போயிருது. அறுநூறுக்கு மேல யூனிட்டுக்கு ஒம்பதரைக்கு மேல. நான் எட்டுதான வாங்குறேன்?" அவர் சொன்னது பொய் அன்று. ஆனால் பாதி உண்மை. எண்ணூறையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் யூனிட்டுக்கு ஆறு ரூபாய் சொச்சம்தான் வருகிறது. அந்த மேல்படிக்கு மீட்டரைத் தள்ளியதும் பெரும்பாலும் அவருடைய குளிர்சாதனமே. மின்விசிறி ஒன்றும் விளக்கு இரண்டும் வைத்திருந்த கீழ்வீடு அன்று.

இனி இன்னொரு கணக்கு. தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்திற்கு நூறு யூனிட் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அடுத்த நூறும் மானிய விலையில்தான். யூனிட்டுக்கு ஏறக்குறைய இரண்டு ரூபாய் முப்பத்தைந்து காசு. அந்தப் பெண்மணியின் வீட்டுக்குத் தனி மீட்டர் இருந்தால், நூற்று முப்பது யூனிட்டுக்கு அவர் கட்ட வேண்டியது எழுபது ரூபாய். அவர் கட்டி வந்தது ஆயிரத்து நாற்பது ரூபாய்.

இந்தத் தொகையைப் பார்த்தபோது என் கை நின்றுவிட்டது. வெயிலின் நீதியைப் பற்றி ஆராயப் புறப்பட்டவனுக்கு முதலில் மீட்டரின் அநீதி கண்ணில் பட்டது. ஏழை வீட்டுக்கென்று அரசு கருவூலத்திலிருந்து கொடுக்கும் நூறு யூனிட், அவர் வீட்டுக் கதவுவரை வந்து, மீட்டர் இல்லாத குறையால் மேல்மாடிக்கு ஏறிப்போகிறது. இத்தனைக்கும் மீட்டரைப் பிரித்தால் உரிமையாளருக்கும் இழப்பு இல்லை. அவருடைய ஐந்நூற்று இருபது யூனிட்டுக்கு மட்டும் தனியே கணக்கிட்டால், இன்று அவர் பங்குக்கு ஏற்பதைவிட முந்நூறு ரூபாய்க்கு மேல் குறைவாகவே வருகிறது. சூரியனும் வேண்டாம், தகடும் வேண்டாம். சுவரில் இரண்டு பெட்டிகள் கூடுதலாக இருந்தால் போதும்.

பின் ஏன் அவர் அதைச் செய்யவில்லை? கஞ்சத்தனம் காரணமாக எனக்குத் தெரியவில்லை, அலைச்சலுக்கு அஞ்சியிருக்கிறார். முன்வைப்புத் தொகை, தனி வழி, வரி ரசீது, விண்ணப்பம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நீளும். பிறர்க்குரியது நம்மிடம் தங்கிவிடுவது எப்போதும் பேராசையினால் நேர்வதன்று. பல வேளைகளில் சோம்பலே போதுமானதாக இருக்கிறது.

இப்போது தகடு வந்த பிறகு நிலைமை என்ன? மூன்று கிலோவாட் இரண்டு மாதத்தில் எழுநூறு யூனிட்டுக்குச் சற்று மேல் தருகிறது. மாடியில் விளைந்ததை மீட்டர் கழித்துவிடுவதால், எண்ணூறில் எண்பது மிஞ்சும். அதுவும் இலவச நூறுக்குள் அடங்கும். உரிமையாளரின் மின்கட்டணம் ஏறத்தாழ ஒன்றுமில்லை என்றாகிறது. ஆனால் கீழே யூனிட்டுக்கு எட்டு ரூபாய் தொடர்கிறது. ஆண்டுக்கு 13,440 ரூபாய். எட்டு ஆண்டுகளும் சில மாதங்களும் சென்றால், கீழ்வீட்டு இரு குடும்பங்களும் அவர் போட்ட முதல் முழுவதையும் கொடுத்து முடித்திருப்பார்கள். தகடு அதன்பின் இன்னும் பதினைந்து ஆண்டுக்கு மேல் உழைக்கும். உரிமை மட்டும் அவர்களுக்கு இராது.

தகடின் ஆயுள் இருபத்தைந்து ஆண்டு என்று கொண்டால், அவர் போட்ட முதலை அதன் மொத்த விளைச்சலுக்குப் பகிர, யூனிட்டுக்கு ஒரு ரூபாயை ஒட்டித்தான் வருகிறது. இடையில் ஒருமுறையோ இருமுறையோ இன்வெர்ட்டர் மாற்ற வேண்டும். தகடைத் துடைக்க வேண்டும். போட்ட பணத்துக்கு வட்டியும் பார்க்க வேண்டும். எல்லாம் சேர்த்து இரண்டரை, மூன்று என்று தாராளமாகவே வைப்போம். மூன்றுக்கு விளைந்ததை எட்டுக்கு விற்பது நியாய விலையா?

நடுக்கால இறையியலார் நியாய விலை பற்றி நிறைய எழுதினார்கள். நாங்கள் படித்த நாளில் அது பழங்காலத்துச் சரக்கு என்று எண்ணினோம். தேர்வுக்குப் படித்து மறந்தோம். இன்று ஒரு வாடகை வீட்டின் மீட்டருக்கு முன் நின்றபோது அதன் அருமை தெரிந்தது. வாங்குபவருடைய தேவையின் நெருக்கடியைக் காரணம் காட்டி விலையை ஏற்றக் கூடாது என்பது புனித தோமாவின் கருத்து. வேறு இணைப்பு பெற வழியில்லாத வாடகைக்காரர், உரிமையாளர் சொல்லும் விலையைக் கொடுத்தே தீரவேண்டும். அங்கே சந்தையே இல்லை. ஒரே கடை, ஒரே வாடிக்கையாளர்.

சொத்தைப் பற்றியும் அதே தோமா ஒரு வேறுபாட்டைச் சொல்கிறார். பொருளை ஈட்டவும் நிர்வகிக்கவும் தனிமனிதருக்கு உரிமை உண்டு. அதனால் பொருள் நன்கு பேணப்படும். ஆனால் அதைப் பயன்படுத்தும்போது பொதுவானதாகக் கருதி, தேவையில் இருப்பவரோடு பகிர ஆயத்தமாயிருக்க வேண்டும். இந்த வேறுபாட்டை மாடித் தகடின்மேல் வைத்துப் பார்த்தேன். மாடி அவருடையது. தகடில் அவர் பணமும் உண்டு, பொதுமக்களின் வரிப்பணம் எழுபத்தெட்டாயிரமும் உண்டு. இரவில் மின்சாரம் தரும் கம்பி ஊருக்குப் பொது. வெயிலோ எவருடையதும் அன்று; நல்லோர் தீயோர் என்று பாராமல் இறைவன் தருவது. இத்தனை பேருடைய பங்கு சேர்ந்த ஒன்றின் பயன் முழுவதும் ஒருவருக்கே என்றால், உரிமைப் பத்திரம் அதை ஏற்கலாம், மனச்சான்று ஏற்குமா?

'கம்பி பொது' என்று சொன்னதை இன்னும் சற்று விளக்க வேண்டும். எங்கள் பேரவையில் மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் இருக்கிறார். அவர் சொன்னார்: "பகல்ல மாடியில விளையுது, வீட்டுல ஆளில்ல, வாரியத்துக்குக் கொடுக்குறோம். ராத்திரி ஏ.சி. போடும்போது திருப்பி வாங்குறோம். வாரியம் நமக்குக் கூலியில்லாத பேட்டரி, சாமி." மின்கம்பம், மின்மாற்றி, இரவுக்கு எரிய வேண்டிய நிலக்கரி, மழைக்காலத்தில் கம்பம் ஏறும் தொழிலாளி இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவில் பெரும்பங்கை இதுவரை ஏற்றுவந்தவர்கள், தொழிற்கூடங்களும் மேல்படியில் நிறையக் கட்டிய வசதியான வீடுகளும்தாம். தகடு வைக்க வசதி உள்ளவர்களும் அவர்களே. அவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினால் சுமை யார் தலையில் இறங்கும்? கூரை மின்சாரத்தின்மீது வலையமைப்புக் கட்டணம் விதிக்கப்பட்டபோது பலர் கோபப்பட்டார்கள். நானும் பட்டேன். இந்த அன்பரின் பேச்சைக் கேட்டபின் கோபம் சற்றுத் தணிந்தது.

ஏழை வீட்டிலிருந்து பார்த்தால் இந்தச் சாய்வு இன்னும் தெளிவாகத் தெரியும். இரண்டு மாதத்திற்கு இருநூறு யூனிட் செலவிடும், சொந்த மீட்டருள்ள ஒரு சிறு வீடு, 235 ரூபாய்தான் கட்டுகிறது. மானியம் போக முப்பத்தையாயிரம் கொடுத்து ஒரு கிலோவாட் தகடு வைத்தால், ஆண்டுக்கு மிஞ்சுவது ஆயிரத்து நானூறு ரூபாய். போட்ட பணம் திரும்புவதற்குள் தகடின் ஆயுளே முடிந்துவிடும். பெரிய வீட்டுக்கோ நான்கே ஆண்டுகளில் முதல் திரும்புகிறது. ஆகவே பசுமைக்கென்று ஒதுக்கும் மானியம், எவரும் திட்டமிட்டுச் செய்யாமலே, மாடி உள்ளவர் வீட்டை நாடிப் போகிறது. இதற்காகச் சிறு வீட்டின் மின்கட்டணத்தை ஏற்றவேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. அவர்களோடு நான் இல்லை.

அப்படியானால் மாடியில் தகடு வைப்பவர் குற்றவாளியா? அவசரப்பட்டு அப்படியும் தீர்ப்பிடலாகாது. எண்ணூரில் சாம்பல் கலந்த ஆற்றுமுகத்தில் வலை வீசும் மீனவரையும், அனல்மின் நிலையங்களின் சாம்பல் குட்டையருகே வாழும் மக்களையும் நினைத்துப் பாருங்கள். மாடியில் விளையும் ஒவ்வொரு யூனிட்டும், எரிக்கப்படாத ஏதோ ஓரளவு நிலக்கரி. தகடு வைத்தவர் தம் பையை எண்ணி வைத்திருக்கலாம். பயன் முகமறியாத ஒருவருடைய நுரையீரலுக்கும் போகிறது. தகடு வைப்பதைத் தடுப்பது நீதியாகாது. மாடியில்லாதவரையும் அதற்குள் சேர்ப்பது எப்படி என்பதே கேள்வி.

இதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சியைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். குடிநீர் இறைப்புக்கும் தெருவிளக்குக்குமான மின்கட்டணம் ஊராட்சியின் வருவாயை விழுங்கியபோது, தலைவராக இருந்த சண்முகம் அவர்களின் முயற்சியால், 2006-இல் ஊராட்சி தன் பெயரிலேயே 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. செலவு ஏறக்குறைய ஒன்றரைக் கோடி. சேமிப்பிலிருந்து நாற்பது லட்சம். மீதி வங்கிக் கடன். காற்றாலை ஓடந்துறையில் இல்லை. காற்று வளமுள்ள உடுமலைப்பேட்டை வட்டாரத்தில், மைவாடியில் நின்றது. அங்கே விளைந்த மின்சாரம் இங்கே ஊராட்சியின் கணக்கில் கழிந்தது. மிஞ்சியது வாரியத்துக்கு விற்கப்பட்டது. வீடுதோறும் இலவச மின்சாரம் வந்தது என்று சிலர் எழுதுவது மிகை. குழாயில் தண்ணீரும் தெருவில் விளக்கும் வந்தன. அவற்றின் கட்டணம் ஊரை அழுத்தவில்லை. சொந்தக் கூரை இல்லாதவரும் தெருவிளக்கின் கீழ் நடக்கிறார் அன்றோ? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலின் 179-ஆம் பத்தியில், புதுப்பிக்கத்தக்க ஆற்றலை உள்ளூர்க் கூட்டுறவுகள் வழியாக உருவாக்கி, மிஞ்சியதை விற்கவும் செய்யும் ஊர்களைக் குறிப்பிடுகிறார். அதை வாசித்தபோது ஓடந்துறைதான் என் நினைவுக்கு வந்தது.

குஜராத்தின் கேடா மாவட்டத்துத் துண்டி கிராமத்தில் ஆறு உழவர்கள் சோலார் பம்புக் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். வயலுக்கு இறைத்தது போக மிஞ்சிய மின்சாரத்தை யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு வீதம் வாங்கிக்கொள்ள மின்பகிர்மான நிறுவனம் இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தம் செய்தது. இதில் என்னைக் கவர்ந்தது விலை அன்று. அதன் பின்னாலுள்ள எண்ணம். மின்சாரத்துக்கு விலை கிடைக்கிறது என்றால், உழவர் வீணாக நீரிறைக்க யோசிப்பார். நிலத்தடி நீர் தப்புகிறது. இலவச மின்சாரத்தில் மோட்டாரை இரவு முழுதும் ஓடவிட்டுப் பழகிய நம் ஊர்களுக்கு இது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கூட்டாகச் செய்வதெல்லாம் நன்றாக முடியும் என்று எழுதிவிட என்னால் முடியாது. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், கடற்கரைச் சிற்றூர் ஒன்றுக்கு நன்கொடை திரட்டிப் பன்னிரண்டு சோலார் தெருவிளக்குகள் அமைத்தேன். திறப்பு விழாவில் மாலை, பொன்னாடை எல்லாம் உண்டு. மூன்றாம் ஆண்டில் பேட்டரிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. மாற்றுவதற்குப் பணம் எடுத்து வைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. முதலில் எனக்கே தோன்றவில்லை. வீட்டுக்கு மாதம் ஐந்து ரூபாய் என்று தொடக்கத்திலேயே கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். 'ஏழைகளிடம் எப்படிக் கேட்பது' என்று இரக்கப்பட்டேன். அந்த இரக்கம்தான் அவர்களை இருட்டில் விட்டது. மாறுதலாகி வந்தபின் ஒருமுறை அவ்வழியே போனேன். கம்பங்கள் துருவேறி நின்றன. ஒன்றில் யாரோ வலை காயப்போட்டிருந்தார்கள். கொடுப்பவருக்குத் திறப்பு விழாவோடு கணக்கு முடிந்துவிடுகிறது. வாங்குபவருக்கு அன்றுதான் தொடங்குகிறது. இதை நான் கற்றுக்கொள்ள ஓர் ஊரின் இருட்டு தேவைப்பட்டது.

அதனால் இம்முறை பங்கு இல்லத்து மாடியில் ஐந்து கிலோவாட் அமைத்தபோது, நன்கொடையை நன்றியோடு பெற்றுக்கொண்டு, பொருளரிடம் ஒரு நிபந்தனை சொன்னேன். இன்வெர்ட்டர் பத்தாண்டில் பழுதாகும். மாற்ற அரை லட்சம் ஆகலாம். மாதந்தோறும் நானூறு ரூபாய் தனிப் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். திருவிழாச் செலவுக்கு அதைத் தொடக் கூடாது. கடல் உப்பும் செம்மண் தூசும் படிவதால், இளைஞர் மன்றத்தார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதிகாலையில் தகடுகளைக் கழுவுகிறார்கள். மின்கட்டணம் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. மிஞ்சும் பணத்தில் ஏழை வீடுகளின் மின்கட்டணத்தைக் கட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். நூறு யூனிட்டுக்குள் செலவிடும் வீட்டுக்குக் கட்டவே தேவையில்லை. ஒரே மீட்டரில் அகப்பட்ட வீட்டுக்கு நாம் கட்டினால், அது உரிமையாளருக்குக் கொடுத்த காணிக்கையாகிவிடும். ஆகவே தனி மீட்டர் பெற விரும்பும் வாடகைக் குடும்பங்களுக்கு முன்வைப்புத் தொகையைக் கடனாகக் கொடுப்பதென்று பேரவை முடிவு செய்தது. வட்டி இல்லை; ஆனால் திருப்பித் தர வேண்டும். தெருவிளக்குகள் தந்த பாடம்.

நம் உரிமையாளரை ஒரு மாலை அவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தேன். கணக்கு எழுதிய தாளைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். "நான் கடன் வாங்கிப் போட்டது, சாமி. புயல்ல பறந்து போனா அவங்களா தருவாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. இடர்ப்பாட்டை ஏற்பவருக்கு அதற்குரிய பங்கு வேண்டும். மூன்று ரூபாய்தான் நியாயம் என்று நான் வற்புறுத்தவில்லை. காப்பி வந்தது, குடித்தோம், ஆலய வெள்ளையடிப்பு பற்றிப் பேசினோம். விடைபெறும்போது வாசல்வரை வந்து, "அஞ்சு ரூபா ஆக்கிர்றேன். மீட்டருக்கும் எழுதிப் போடுறேன்" என்றார்.

இது நடந்து இரண்டு மாதமாகிறது. சென்ற கணக்கெடுப்பில் கீழ்வீட்டுக்கு அறுநூற்று ஐம்பது ரூபாய் வந்ததாக அந்தப் பெண்மணி சொன்னார். மீட்டருக்கான விண்ணப்பத்தை அவர் இன்னும் கொடுக்கவில்லை. வீட்டு வரி ரசீதைத் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் நினைவூட்ட வேண்டும்.